தகுதி என்கிற சல்லடை: அமெரிக்க மேற்படிப்பில் கறுப்பின மாணவர்கள்

(மாணவர் அணியின் இணையவழிப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இன்னைக்குத் தலைப்பை அறிவிச்சதும் வாட்ஸ்அப் குழுவுல ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, நம்ம ஊர்ப் பிரச்சனையே தலைக்கு மேல கிடக்கு. அமெரிக்காவுல கறுப்பினப் பிள்ளைங்க பிஎச்.டி. சேர்றாங்களா இல்லையாங்கிறது நமக்கு எதுக்கு?"

கேட்க வேண்டிய கேள்விதான். அதுக்குப் பதிலோடயே ஆரம்பிக்கிறேன்.

2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. சேர்க்கையின்போது மாணவரின் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது. ஹார்வர்டு, வட கரோலினா என்ற இரண்டு பல்கலைக்கழகங்கள் மீதான வழக்கு. வழக்குக்குப் பின்னால் இருந்தவர் எட்வர்ட் பிளம் என்ற வெள்ளையர். ஆனா முன்னால நிறுத்தப்பட்டவங்க யாரு? ஆசிய வம்சாவளி மாணவர்கள். கறுப்பின மாணவர்களுக்குச் சலுகை காட்டுறதால ஆசியப் பிள்ளைகளுக்கு அநியாயம் நடக்குதுங்கிறது ஹார்வர்டு மேல வைத்த முக்கியமான வாதம். அந்த 'ஆசிய' என்ற சொல்லுக்குள்ள நம்ம ஊர்ல இருந்து போய்க் குடியேறினவங்களோட பிள்ளைகளும் அடக்கம். நம்ம பேரைச் சொல்லி ஒரு கதவைச் சாத்தியிருக்காங்க. அது யாருக்குச் சாத்தின கதவுன்னு நமக்குத் தெரிய வேண்டாமா?

சாத்தினதும் என்ன ஆச்சுன்னு ஒரு எண் சொல்றேன். அமெரிக்காவில் சட்டமும் மருத்துவமும் ஒரு பட்டம் முடித்த பிறகு படிக்கிற மேற்படிப்புகள். ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் 2023இல் முதலாண்டு சேர்ந்த கறுப்பின மாணவர்கள் 43 பேர். தீர்ப்புக்குப் பிறகு வந்த முதல் சேர்க்கையில், 2024இல், 19 பேர். பராக் ஒபாமாவும் மிஷேல் ஒபாமாவும் படித்த கல்லூரி அது. நாடு முழுக்க எல்லாச் சட்டக் கல்லூரியிலும் இப்படி விழலை, அதையும் நேர்மையாச் சொல்லிடணும். ஆனா நீதிபதிகளும் செனட்டர்களும் உருவாகிற கல்லூரியில விழுந்ததுக்கு அர்த்தம் வேற.

கொஞ்சம் பின்னால போவோம். இந்தச் சண்டை கீழ்மட்டப் பள்ளிகள்ல ஆரம்பிச்சதுன்னுதான் பலரும் நினைக்கிறோம். 1954 பிரவுன் வழக்கு நமக்கெல்லாம் தெரியும். ஆனா அந்த வழக்குக்கு வழி வெட்டியது மேற்படிப்புச் சேர்க்கை வழக்குகள்தான்.

ஹீமன் ஸ்வெட். டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் தபால்காரர். 1946இல் டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார். அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவர் மாநில அட்டர்னி ஜெனரலுக்கு எழுதிய கடிதத்திலேயே ஒப்புக்கொள்கிறார்: இந்த ஆளுக்கு எல்லாத் தகுதியும் இருக்கு, கறுப்பினத்தவர் என்பது ஒன்றுதான் தடை. கவனிங்க தோழர்களே, இன்னைக்கு நம்மகிட்ட 'தகுதி, தகுதி'ன்னு பாடம் எடுக்கிறவங்களுக்கு இந்த ஒரு கடிதம் போதும். தகுதி இருந்தது. தகுதி இருக்குன்னு எழுத்துலயே கொடுத்தாங்க. இடம் மட்டும் கொடுக்கலை.

நீதிமன்றத்துக்குப் போனதும் மாநில அரசு என்ன செஞ்சது தெரியுமா? அவருக்காகவே அவசர அவசரமா தனியா ஒரு சட்டக் கல்லூரி ஆரம்பிச்சது. ஒரு கட்டடத்தின் அடித்தளத்துல சில அறைகள். 'உங்களுக்கும் கல்லூரி இருக்கே, அப்புறம் என்ன'ங்கிற கதை. வழக்கை நடத்தியவர் தர்குட் மார்ஷல், பின்னால் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர். 1950 ஜூன் 5 அன்று ஸ்வெட்டைச் சேர்க்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதில் முக்கியமான இடம் ஒன்று உண்டு. கட்டடம், புத்தகம், ஆசிரியர் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கல்லூரியை அளக்க முடியாது, அதன் பெயர், அதில் படித்து வெளியே போனவர்களின் செல்வாக்கு இதெல்லாம் எண்ணிக்கையில் அடங்காதவை என்று நீதிபதிகள் சொன்னார்கள். இந்தக் கருத்தை ஒரு ஓரமா வெச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

அதே நாளில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. ஜார்ஜ் மெக்லாரின், அறுபது வயதைத் தாண்டிய ஆசிரியர், ஓக்லஹாமா பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் முனைவர் பட்டம் படிக்கச் சேர்ந்தவர். நீதிமன்றம் சொன்னதால சேர்த்துக்கிட்டாங்க. ஆனா வகுப்பறைக்கு உள்ளே உட்கார விடலை. பக்கத்து அறையில உட்கார்ந்து வாசல் வழியாப் பாடம் கேட்கணும். நூலகத்துல தனி மேசை. உணவுக்கூடத்துல எல்லாரும் சாப்பிட்ட பிறகு தனி நேரம், தனி மேசை. இதைக் கேட்கும்போது உங்க மனசுல எந்த ஊர் ஞாபகம் வருதோ, அதே ஞாபகம்தான் எனக்கும் வருது. இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்வெட் உள்ளே போனார். ஆனா சட்டப் பட்டம் வாங்கலை. பல வருஷ வழக்கு, மிரட்டல், உடம்பு கெட்டது, குடும்பம் முறிஞ்சது. இடையிலேயே வெளியேறி, பிறகு அட்லாண்டாவில் சமூகப் பணியில் முதுகலை முடித்தார். சேர்க்கை உத்தரவு மட்டும் ஒரு மனுசனைக் கரை சேர்த்துடாது.

1970கள்ல கதை மாறுது. கலிபோர்னியாவில் டேவிஸ் மருத்துவக் கல்லூரி. மொத்தம் 100 இடம், அதில் 16 இடத்தைப் பின்தங்கிய சிறுபான்மையினருக்கு என்று ஒதுக்கினார்கள். ஆலன் பாக்கி என்ற வெள்ளையர் இரண்டு முறை விண்ணப்பித்துக் கிடைக்காமல் வழக்குப் போட்டார். 1978இல் தீர்ப்பு: எண்ணிக்கை வைத்து ஒதுக்கக் கூடாது, ஆனால் இனத்தைப் பல அம்சங்களில் ஒன்றாகப் பார்க்கலாம். பாக்கிக்கும் இடம் கிடைத்தது. இதே கல்லூரியில அப்போ டீன் தன் விருப்பத்துக்குச் சில இடங்களைச் செல்வாக்குள்ளவங்க பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வழக்கமும் இருந்தது. அதை எதிர்த்து யாரும் உச்ச நீதிமன்றம் வரை போகலை. 16 இடம் உறுத்திச்சு, பெரிய இடத்துப் பிள்ளைக்குக் கொடுத்தது யாருக்கும் உறுத்தலை. மேனேஜ்மென்ட் கோட்டாவைப் பத்தி வாயே திறக்காம இடஒதுக்கீட்டை மட்டும் திட்டுற ஆட்களை நாமளும் பார்த்திருக்கோம்ல?

பிறகு 1996. கலிபோர்னியாவில் பொது வாக்கெடுப்பு மூலம் இன அடிப்படைச் சேர்க்கைக்குத் தடை. டெக்சாஸில் நீதிமன்றத் தீர்ப்பு மூலம் தடை. அடுத்த வருஷமே பெர்க்லி சட்டக் கல்லூரியில் முதலாண்டில் உட்கார்ந்த கறுப்பின மாணவர் ஒரே ஒருவர். அவரும் முந்தைய ஆண்டில் இடம் கிடைத்து ஒரு வருஷம் தள்ளிப் போட்டவர். ஸ்வெட் போராடி உள்ளே போன அதே டெக்சாஸ் சட்டக் கல்லூரியில் 31ஆக இருந்த எண்ணிக்கை 4 ஆனது.

வரலாறு போதும். இப்போ அந்த மூடின அறைக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். நான் இன்னைக்குச் சொல்ல வந்ததே அதைத்தான்.

அமெரிக்காவில் பிஎச்.டி. சேர்க்கைக்குக் கவுன்சலிங் கிடையாது, ரேங்க் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு துறையிலும் நாலைந்து பேராசிரியர்கள் கொண்ட ஒரு குழு. நூற்றுக்கணக்கான விண்ணப்பம் குவிஞ்சு கிடக்கும். அவங்களுக்கு ஆராய்ச்சி வேலை, வகுப்பு வேலை எல்லாம் தனியா இருக்கு. ஜூலி பாசெல்ட் என்ற கல்வி ஆய்வாளர் மூன்று பல்கலைக்கழகங்களில் பத்துத் துறைகளின் சேர்க்கையை உள்ளே இருந்து கவனித்து 2016இல் புத்தகமாக எழுதினார். அவர் கண்டது எளிமையானது. முதல் சுற்றில் பேராசிரியர்கள் பார்ப்பது ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணும், கல்லூரி மதிப்பெண்ணும், எந்தக் கல்லூரி என்பதும். அதிலேயே பெரும்பாலான விண்ணப்பங்கள் ஒதுங்கிவிடும். பன்முகத்தன்மை, மாணவரின் பின்னணி, பட்ட கஷ்டம் இதெல்லாம் பேச்சுக்கு வருவது கடைசிச் சுற்றில், மிச்சம் இருக்கும் சில பேரை வைத்து.

புரியுதா? அந்தப் பேராசிரியர்கள் யாரும் இனவெறியர்கள் இல்லை. பெரும்பாலும் நல்லவங்க, சமத்துவம் பேசுறவங்க. ஆனா முதல் சல்லடையிலயே கறுப்பின மாணவர் கீழே விழுந்துடுறார். கடைசியில சமூகநீதியோட மேசையைப் பார்த்தா அங்கே அவரோட விண்ணப்பமே இல்லை. 'நாங்க எடுக்கத் தயார், ஆனா யாரும் வரலையே'ன்னு குழு கையை விரிக்குது. வந்திருந்தாங்க, நீங்க படிக்கலை.

அந்தச் சல்லடையோட கண்ணி எப்படின்னு பாருங்க. நம்ம பிள்ளைகள் ராத்திரி பகலா உட்கார்ந்து எழுதுற ஜி.ஆர்.இ.தான். அமெரிக்காவில் அதுக்குக் கட்டணமே 220 டாலர். விண்ணப்பம் ஒவ்வொண்ணுக்கும் தனிக் கட்டணம். இயற்பியல் போன்ற துறைகளில், பழைய 800 மதிப்பெண் முறையில், கணிதப் பகுதியில் கறுப்பின மாணவர்களின் சராசரி வெள்ளை மாணவர்களைவிடச் சுமார் 200 குறைவு என்று கேசி மில்லர், கெய்வான் ஸ்டாசன் என்ற இரண்டு அறிவியலாளர்கள் 2014இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 700க்குக் கீழே இருந்தால் ஓரம் வை என்று ஒரு துறை கோடு போட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இதுல வேடிக்கை, தேர்வை நடத்துற இ.டி.எஸ். நிறுவனமே ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணை மட்டும் கட்-ஆஃப் ஆக வைத்து ஒருவரை நிராகரிக்கக் கூடாது என்று தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. மருந்துச் சீட்டுல 'வெறும் வயித்துல சாப்பிடாதே'ன்னு போட்டிருக்கு, டாக்டர் வெறும் வயித்துலயே கொடுக்கிறார்.

சரி, மாத்தினா என்ன நடக்கும்? மாத்திப் பார்த்த இடத்தைச் சொல்றேன்.

டென்னசி மாநிலம் நாஷ்வில் நகரம். அங்கே ஃபிஸ்க் பல்கலைக்கழகம் இருக்கு. கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட பழைய பல்கலைக்கழகம். டு பாய்ஸ் முதலில் பட்டம் வாங்கியது அங்கேதான், பிறகுதான் ஹார்வர்டு போய் 1895இல் அங்கே முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். அதே ஊர்ல வாண்டர்பில்ட் இருக்கு, பணக்காரப் பல்கலைக்கழகம். 2004இல் இரண்டும் சேர்ந்து ஒரு பாலம் போட்டன. மாணவர் முதலில் ஃபிஸ்கில் இரண்டு வருஷம் முதுகலை படிப்பார், உதவித்தொகையோட. அப்பவே வாண்டர்பில்ட் பேராசிரியர்களோட ஆய்வகத்துல வேலை செய்வார். அவங்களுக்கு அவரைத் தெரிஞ்சுடும், அவருக்கும் அந்த இடம் பழகிடும். பிறகு பிஎச்.டி.

தேர்வு செய்யும்போது ஜி.ஆர்.இ. பார்க்கலை. அரை மணி நேரம் நேர்காணல். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கேள்வி, ஒரே மாதிரி மதிப்பெண் அட்டவணை. ஒரு வேலை தோல்வியில முடிஞ்சப்ப என்ன செஞ்சே, உதவி தேவைப்பட்டா யாரைத் தேடிப் போவே, நீண்ட நாள் ஒரே விஷயத்தோட போராடியிருக்கியா என்ற மாதிரி. பிஎச்.டி. என்பது ஐந்தாறு வருஷம் தோத்துத் தோத்து நிக்கிற வேலை. அதுக்கு இந்தக் கேள்விகள்தான் பொருத்தம்னு நினைக்கிறேன். சேர்ந்தவங்கள்ல பத்தில் எட்டுப் பேர் பட்டம் முடிச்சிருக்காங்க அல்லது முடிக்கிற பாதையில நல்லா போயிட்டிருக்காங்கன்னு அந்த 2014 கட்டுரையே சொல்லுது. நாட்டு அளவுல பிஎச்.டி. சேர்றவங்கள்ல பாதிப் பேர் நடுவுல விட்டுட்டுப் போற நிலைமையில இது. அமெரிக்க இயற்பியல் கழகமும் இதே வழியில் பல துறைகளைச் சேர்த்துப் பாலம் போட்டது.

ஒரு எச்சரிக்கை. ஜி.ஆர்.இ.யைத் தூக்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கொரோனா காலத்துல நிறையத் துறைகள் தூக்கினாங்க. தேர்வு போனதும் கனம் வேற இடத்துக்குப் போயிடுது. பரிந்துரைக் கடிதம் யார் கொடுத்தது? கோடை விடுமுறையில எந்த ஆய்வகத்துல வேலை பார்த்தே? கல்லூரி பேர் என்ன? பிரபல பேராசிரியர் கையெழுத்துப் போட்ட கடிதத்துக்கு இருக்கிற மரியாதை, தெற்குல ஒரு சின்னக் கறுப்பினக் கல்லூரியில நாலு வகுப்புக்குச் சேர்த்துப் பாடம் எடுக்கிற ஆசிரியர் கடிதத்துக்கு வருமா? 1950 தீர்ப்புல சொன்ன அந்த எண்ணிக்கையில் அடங்காத விஷயங்கள், பெயரும் செல்வாக்கும், இங்கேதான் வேலை செய்யுது. அதனாலதான் ஃபிஸ்க் வழி முக்கியம். அது தேர்வை மட்டும் எடுத்துட்டு நிக்கலை, மாணவருக்கும் பேராசிரியருக்கும் நடுவுல ரெண்டு வருஷப் பழக்கத்தை உண்டாக்கிச்சு.

பணம் இல்லாம இது எதுவும் நடக்காது. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்து இறந்த ஏழு பேரில் ரொனால்ட் மெக்நேர் ஒருவர். தென் கரோலினாவில் சின்ன ஊர்க்காரர், கறுப்பினத்தவர். ஒன்பது வயசுல ஊர் நூலகத்துல புத்தகம் கேட்டதுக்குக் கொடுக்க மாட்டோம்னு போலீசைக் கூப்பிட்டாங்க. வட கரோலினாவில் ஒரு கறுப்பினக் கல்லூரியில் இயற்பியல் படித்து, எம்.ஐ.டி.யில் 1976இல் பிஎச்.டி. வாங்கினார். அவர் பேரில் அமெரிக்க மத்திய அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகவும் வருமானம் குறைந்தவராகவும் இருக்கும் மாணவர்களையும், மேற்படிப்பில் குறைவாக இருக்கும் சமூகத்தினரையும் இளங்கலையிலேயே பிடித்து, ஆராய்ச்சி அனுபவம் கொடுத்து, விண்ணப்பம் எழுதவும் சொல்லித் தந்து பிஎச்.டி.க்கு அனுப்புவது. மெக்நேர் மாணவர் என்றால் பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பக் கட்டணமே வாங்குவதில்லை. சின்ன விஷயம் மாதிரி தெரியும். பத்து இடத்துக்கு விண்ணப்பம் போடுற பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. நம்ம வீடுகள்ல அந்தக் கட்டணத்துக்கு நகை அடகுக்குப் போன கதை எத்தனை!

இப்போ மறுபடி டேவிஸ் மருத்துவக் கல்லூரிக்கு வர்றேன். பாக்கி வழக்குப் போட்ட அதே கல்லூரி.

1996க்குப் பிறகு கலிபோர்னியாவில் இனத்தைப் பார்க்கக் கூடாது. சட்டம். மீற முடியாது. டேவிஸ்காரங்க ஒரு அளவுகோல் தயார் பண்ணினாங்க. பூஜ்யத்தில் இருந்து 99 வரை. குடும்ப வருமானம் என்ன, அப்பா அம்மா என்ன படிச்சிருக்காங்க, வளர்ந்த பகுதியில மருத்துவ வசதி இருந்ததா, படிக்கும்போதே வீட்டுக்குச் சம்பாதிச்சுக் கொடுத்தாரா என்பது மாதிரி எட்டு விஷயங்கள். ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் ஒரு எண். அந்த எண்ணை மதிப்பெண், கட்டுரை, நேர்காணல் எல்லாத்தோடயும் பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்க. ரெண்டு டாக்டருக்குப் பிறந்து தனியார் பள்ளியில படிச்சு நுழைவுத் தேர்வுல 95 வாங்கின பிள்ளையும், ராத்திரி மளிகைக் கடையில வேலை பார்த்துக்கிட்டே 85 வாங்கின பிள்ளையும் ஒரே கணக்குல வர முடியாது. ரெண்டாவது பிள்ளை ஓடின தூரம் அதிகம்.

2023 செய்திகளின்படி அவங்க சேர்த்த 133 பேர் கொண்ட வகுப்பில் 14 சதவீதம் கறுப்பின மாணவர்கள், 30 சதவீதம் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். நாட்டில் கறுப்பினத்தவர் மக்கள்தொகையே 13, 14 சதவீதம்தான். டாக்டர்களில் அவர்கள் பங்கு 6 சதவீதம் மாதிரி. இனம் என்ற ஒரு கேள்வியைக்கூடக் கேட்காமல் இதைச் செய்தார்கள்.

'முதல் பட்டதாரி' சலுகை வாங்கிப் படிச்சவங்க இந்தக் கூட்டத்துல எத்தனை பேர் இருப்பீங்க! உங்களுக்கு இந்த அளவுகோலை விளக்கவே வேண்டாம். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுல 2020க்குப் பிறகு மருத்துவக் கல்லூரிக்குள்ள போன அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கேளுங்க. பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் எந்தப் பள்ளியில உட்கார்ந்தேங்கிறது மதிப்பெண்ணுக்குள்ள ஒளிஞ்சிருக்குன்னு அவங்க சொல்லுவாங்க.

இங்க ஒரு கருத்து வேறுபாட்டையும் வெச்சுடுறேன். 'பார்த்தீங்களா, பொருளாதாரத்தைப் பார்த்தாலே போதும், இனமும் சாதியும் எதுக்கு'ன்னு டேவிஸ் கதையைக் காட்டியே கேட்கிறவங்க இருக்காங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. டேவிஸ் செஞ்சது, கையைக் கட்டிப் போட்ட பிறகு மீதி இருந்த விரலால் செய்த வேலை. ஒரே சம்பளம் வாங்குற ஒரு வெள்ளைக் குடும்பத்தையும் கறுப்பினக் குடும்பத்தையும் எடுத்துக்குங்க. வெள்ளைக் குடும்பத்துக்குத் தாத்தா வாங்கின வீடு இருக்கும். கறுப்பினத் தாத்தாவுக்கு வங்கி வீட்டுக்கடனே கொடுக்கலை, அவர் இருந்த தெருவையே வரைபடத்துல சிவப்பு மை போட்டு ஒதுக்கிச்சு. சம்பளம் ஒண்ணு, சொத்து வேற. பட்டம் வாங்கி நாலு வருஷம் கழிச்சுக் கடன் எவ்வளவு நிக்குதுன்னு புரூக்கிங்ஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆய்வு பார்த்தது. வெள்ளைப் பட்டதாரிக்குச் சராசரியா 28,000 டாலர். கறுப்பினப் பட்டதாரிக்கு ஏறக்குறைய 53,000. முதுகில் இந்தச் சுமையோட ஒருத்தர் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடணும்.

அந்தச் சுமை இனி இன்னும் கனக்கும். 2025 ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், மேற்படிப்பு மாணவர்களுக்கு இருந்த 'கிராட் பிளஸ்' அரசுக் கடனை 2026 ஜூலை முதல் புதியவர்களுக்கு நிறுத்துகிறது. மற்ற கடன்களுக்கும் உச்சவரம்பு. முதுகலை, பிஎச்.டி.க்கு மொத்தமே 1,00,000 டாலர், மருத்துவம், சட்டம் போன்றவற்றுக்கு 2,00,000. மருத்துவப் படிப்புக்கு அதுக்கு மேல ஆகிற இடங்கள் நிறைய. மீதியைத் தனியார் வங்கியில வாங்கணும். தனியார் வங்கி யாருக்குக் கொடுக்கும்? ஜாமீன் போட ஆள் இருக்கிறவனுக்குக் கொடுக்கும்.

அதே 2025 பிப்ரவரியில் அமெரிக்கக் கல்வித் துறை பல்கலைக்கழகங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. பன்முகத்தன்மையை அதிகரிக்கும் நோக்கத்தோடு நுழைவுத் தேர்வை நீக்கினால் அதுவே சட்டவிரோதம் என்று எழுதினார்கள். சல்லடையைத் தொடாதே என்று அர்த்தம். ஆகஸ்டில் மேரிலாந்தில் ஒரு கூட்டாட்சி நீதிபதி அந்தக் கடிதத்தை ரத்து செய்தார். வணிகவியல் துறைகளில் கறுப்பினப் பேராசிரியர்களை உருவாக்க 1994இல் தொடங்கிய 'பிஎச்.டி. புராஜெக்ட்' என்ற அமைப்போடு சேர்ந்து வேலை செய்தார்கள் என்பதற்காக மார்ச் மாதம் 45 பல்கலைக்கழகங்கள் மேல் விசாரணை. இதனால நடக்கிறது என்னன்னா, தீர்ப்பு தடை செய்யாத விஷயங்களையும் பல்கலைக்கழகங்கள் பயந்து கைவிடுது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய அந்த 2023 தீர்ப்பிலேயே, இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று ஒரு மாணவர் கட்டுரையில் எழுதினால் அதைப் பரிசீலிக்கத் தடையில்லை என்று இருக்கு. சட்டம் விட்டு வைத்திருக்கிற இடம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் பயன்படுத்தத் துணிச்சல் வேணும்.

இப்போ அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு மிச்சப் பதில். 1946 சட்டப்படி இந்தியாவில் இருந்து வருஷத்துக்கு 100 பேர்தான் அமெரிக்காவில் குடியேறலாம். நூறே பேர். அந்த நாடுவாரி ஒதுக்கீட்டை ஒழிச்சது 1965 குடியேற்றச் சட்டம். அது எங்கிருந்து வந்தது? செல்மாவில் தடியடி வாங்கி, பர்மிங்காமில் நாய்க்கடி வாங்கின கறுப்பின மக்களோட போராட்டம் உண்டாக்கின சூழல்லதான் வந்தது. இன்னைக்கு டல்லஸிலும் நியூ ஜெர்சியிலும் பொங்கல் கொண்டாடுற நம்ம சொந்தக்காரங்க அந்தக் கதவு வழியா உள்ளே போனவங்க. போனவங்கள்ல சிலர் இப்போ 'நாங்க தகுதியால வந்தோம், அவங்க சலுகையால வர்றாங்க'ன்னு பேசுறாங்க. சொந்தக்காரங்கன்னா கூச்சப்படாம எடுத்துச் சொல்லணும்.

இன்னொண்ணு நேரடியாச் செய்யக் கூடியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்ல பேராசிரியர்களா இருக்கிற தமிழர்கள் நிறையப் பேர். நம்ம பக்கத்தைப் படிக்கிறவங்களும் அதில் இருக்கீங்க, பின்னூட்டம் போடுறீங்க. டிசம்பர், ஜனவரியில சேர்க்கைக் குழுவுல உட்காருவீங்க. முதல் நாளே எண்ணை வெச்சு வரிசைப்படுத்தாம, எல்லா விண்ணப்பத்தையும் ஒரே மதிப்பீட்டு அட்டவணையில ரெண்டு பேர் முழுசாப் படிக்கணும்னு கேளுங்க. பெயர் தெரியாத கல்லூரியில இருந்து வந்த கடிதத்தை யாராவது ஒதுக்கினா, ஏன்னு கேளுங்க. கட்டண விலக்கு யாருக்கெல்லாம் இருக்குன்னு துறையோட இணையதளத்துல முதல் பக்கத்துலயே போடச் சொல்லுங்க. இதுல எதுலயும் இனம் என்ற சொல்லே வராது, எந்த நீதிமன்றமும் தடுக்கலை. அதோட பலன் நம்ம ஊர் அரசுக் கல்லூரியில இருந்து விண்ணப்பம் போடுற பிள்ளைக்கும் சேரும். அந்தப் பிள்ளையோட விண்ணப்பமும் அதே மேசையில, அதே சல்லடைக்குக் கீழதான் கிடக்கு.

நேரமாச்சு. கேள்விகள் நிறைய வந்திருக்கு. ஜி.ஆர்.இ. இல்லாம எந்தெந்தத் துறைகள் எடுக்குதுன்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க, முதல்ல அதை எடுத்துக்கிறேன்.